காரோடு வரும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மே மாதம் நீங்கள் புதுக் காரில் வள்ளியூர் வருகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து, அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். டிப்போவில் ஸ்பானர் பிடித்துக் காலம் கழித்தவன், கார் விஷயத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

2022 ஜூனில் நம் பணகுடிப் பக்கம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நின்ற காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரத்துக்குப் பக்கத்தில் துவாரபூடியில் நான்கு பேர், அதே மாதிரி. இதில் யாரும் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளே ஏறிக்கொண்டார்கள். நம் ஊரில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

மூச்சுமுட்டிச் செத்தார்கள் என்றுதான் பேப்பரில் எப்போதும் போடுவார்கள். வெயிலில் நிற்கும் காரில் காற்று தீருவதற்கு வெகுநேரம் முன்பே சூடு ஆளைச் சாய்த்துவிடும். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும். டாஷ்போர்டும் சீட்டும் காய்ந்து கக்குகிற சூட்டுக்கு வெளியே வர வழி கிடையாது. பத்து நிமிடத்தில் பத்துப் பதினோரு டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கோயம்புத்தூர் குளிர்ச்சிதானே என்று நினைக்காதே. வெளியே 22 டிகிரி இருந்த நாளிலேயே ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 வரை போனதை அமெரிக்காவில் அளந்து பார்த்து 2005-இல் எழுதியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஏடிஎம்மில் பணம் எடுத்துவிட்டு வருகிறேன் என்றாலும் தூக்கிக்கொண்டே போ.

பின்கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில், பூட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கும். சாவி நுனியால் தள்ளுகிற மாதிரிதான் பல கார்களில் வைத்திருப்பான். சைல்டு லாக் என்பது அதுதான். ஓடுகிற காரில் அது நல்லது. நிற்கிற காரில் உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளை என்ன இழுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. பெரியவளுக்கு இதைக் காட்டு. முன்சீட்டுக்குத் தாண்டி வந்து கதவைத் திறக்கச் சொல்லிக்கொடு. ஹாரனை விடாமல் அமுக்கவும் பழக்கு. பெரும்பாலான கார்களில் சாவி போடாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்.

இன்னொன்று. ஜூனிலிருந்து சின்னவனைக் கிரெச்சில் விட்டுவிட்டு ஆபீஸ் போகப் போகிறாய். அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரி 37 குழந்தைகள் இப்படிக் காரில் இறக்கிறார்கள். பாதிக்கு மேல், பெற்றவர்களோ வளர்ப்பவர்களோ மறந்து இறங்கிப் போனதால். பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதே. தினமும் போகிற வழியில் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பும், பிள்ளை பின்சீட்டில் சத்தமில்லாமல் தூங்கும், மனம் ஏற்கெனவே ஆபீசில் இருக்கும். ராத்திரி தூக்கம் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உன் ஹேண்ட்பேக்கையும் ஐடி கார்டையும் பின்சீட்டில் அவன் பக்கத்தில் போட்டுவிடு. அது இல்லாமல் ஆபீஸ் கேட்டைத் தாண்ட முடியாதல்லவா? பிள்ளை வரவில்லை என்றால் உடனே போன் செய்யும்படி கிரெச்சிலும் சொல்லி வை.

இங்கே வந்ததும் காரை வேப்பமரத்தடியில் நிறுத்தலாம். நிழல் என்று பூட்டாமல் விட வேண்டாம். சாவியை அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுவோம். யாராவது ஒரு பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் நீ கிணற்றடிக்கு ஓடு, நான் காரையும் டிக்கியையும் பார்க்கிறேன்.

மாப்பிள்ளைக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறாளாம் அம்மா. என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா