நகல் எடுக்கும் முன்னே செக்டிஸ்க்: ஹார்ட் டிஸ்க் மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பழுதான டிஸ்கில் ரிப்பேர் ஓட்டிக் கோப்புகளைக் கெடுத்தது, ஓடித் தேய்ந்த டிஸ்கைப் புதியதென்று பொருத்தியது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். லேப்டாப்பைக் கொடுத்த அன்று எடுத்த ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே எண்களில் பதிவு செய்யும் வசதி) அறிக்கையில் 05 எண்ணில் 40, சி5-இல் 312 இருந்தன. அதாவது 40 செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன, இன்னும் 312 படிக்க முடியாமல் தொங்கலில் இருந்தன. அதனால்தான் ஜாப் கார்டில் "முதலில் முழு நகல், பழைய டிஸ்கில் எந்த ரிப்பேரும் ஓட்டக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆனால் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் ரிப்பேர் நிரலை ஓட்டியிருக்கிறீர்கள். சி டிரைவில் ஃபவுண்ட்.000 என்ற மறைவுக் கோப்புறை இருக்கிறது. அது உருவான தேதி, லேப்டாப் உங்களிடம் இருந்த நாள். உள்ளே ஃபைல்0000 தொடங்கி வரிசையாக சிஎச்கே கோப்புகள் (செக்டிஸ்க் மீட்டுப் போடும் துண்டுகள்): பெயரும் இல்லை, இடமும் தெரியவில்லை. "அது புதிய டிஸ்கில் ஓட்டியது" என்று உங்கள் கவுன்ட்டரில் சொன்னார்கள். அப்படியானால் இதற்கும் பதில் வேண்டும்: இப்போது செக்டிஸ்க் 1,344 கேபி பழுதான செக்டர் என்று காட்டுகிறது. ஆனால் பொருத்தியிருக்கும் டிஸ்கின் ஸ்மார்ட்டில் 05, சி5 இரண்டுமே 0. இல்லாத பழுது எங்கிருந்து வந்தது? பழைய டிஸ்கில் செக்டிஸ்க் குறித்துவைத்த பழுதுப் பட்டியல், பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) அப்படியே குளோன் செய்து புதிய டிஸ்குக்கு நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்டது. அந்தப் பட்டியலைத் துடைக்க செக்டிஸ்க்கின் 'பி' சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் எழுத்து) போதும். போன கோப்புகள் அதனால் திரும்பாது.

இதில் என்ன தப்பு என்று உங்கள் டெக்னீஷியன் கேட்டதால் எழுதுகிறேன். செக்டிஸ்க்கின் 'ஆர்' சுவிட்ச் காலி இடம் உட்பட மொத்த பார்ட்டிஷனையும் படிக்கும். பழுதான செக்டர் வந்தால் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். ஏற்கெனவே நொந்த ஹெட் (டிஸ்கைப் படிக்கும் முனை) அதே இடத்தில் உழலும். செக்டிஸ்க், படிக்க முடியாத க்ளஸ்டரை (செக்டர் தொகுப்பை) கோப்பிலிருந்து கழற்றிவிட்டு, திருத்தத்தை அதே டிஸ்கில் எழுதும். செய்திருக்க வேண்டியது டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு நிரல்: நல்ல பகுதிகளை முதலில் அள்ளி வேறு டிஸ்கில் வைத்துவிட்டு, எதைப் படித்தது, எதை விட்டது என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலைப் பார்த்துக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் மூன்று சுற்று மட்டும் திரும்பி வரலாம். ரிப்பேர் எதுவானாலும் அந்த நகலின் மேல்தான்.

அடுத்து, பில்லில் "புதியது" என்று இருக்கும் டிஸ்க். வாங்கி வந்த அன்றே ஸ்மார்ட்டில் 09 எண்ணில் (டிஸ்க் இதுவரை ஓடிய மொத்த நேரம்) 6,212 மணி நேரம். இரவு பகல் அணைக்காமல் ஓடினாலும் எட்டு மாதத்துக்கு மேல்!

பொருத்திய விதமும் சரியில்லை. முன்பு இருந்தது 9.5 மிமீ தடிமன், இது 7 மிமீ. இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வைக்கவில்லை, நான்கு எம்3 திருகில் இரண்டுதான் இருக்கின்றன. லேப்டாப்பைச் சாய்த்தால் உள்ளே 'டக்' என்கிறது. (நீளத் திருகு போட்டு டிஸ்கின் மின்சுற்றுப் பலகையை அழுத்தாமல் விட்டதற்கு நன்றி.) சி7 (கேபிள் வழியே தரவு போகும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை) மூன்றே நாளில் 0-இலிருந்து 61 ஆகிவிட்டது. சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர்தான் காரணம்; டிஸ்க் ஆடும்போது தொடர்பு விட்டு விட்டு வருகிறது.

எனவே:

பழைய டிஸ்கை, ஜாப் கார்டில் உள்ள அதே சீரியல் எண்ணோடு, இனி ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காமல் திருப்பித் தர வேண்டும். மீட்க ஏதாவது மிச்சம் இருந்தால் அதில்தான் இருக்கிறது. என் தரவு அதிலேயே இருப்பதால் "கழித்த பாகம் எங்களுக்கே" என்ற உங்கள் விதியை ஏற்க முடியாது. ஏற்கெனவே வேறெங்காவது அனுப்பிவிட்டீர்கள் என்றால், எங்கே, எப்போது, அழித்த பிறகா என்று எழுதித் தாருங்கள்.

உண்மையிலேயே புதிய டிஸ்கை ஸ்பேசர், நான்கு திருகுகளோடு என் முன்னிலையில் பொருத்தி, மூடும் முன் 09, சி7 இரண்டையும் திரையில் காட்ட வேண்டும். கேபிளையும் மாற்ற வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் தர மாட்டேன்.

ஜாப் கார்டில் எழுதியதை மீறி செக்டிஸ்க் ஓட்டச் சொன்னது யார் என்பதற்கும், ஓட்டியபோது வந்த பதிவுக்கும் 7 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் தேவை. தொலைபேசியில் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு ஸ்மார்ட் அறிக்கைகள், ஜாப் கார்டு, பில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்