எட்டுக் குரல், இரண்டு குழு: பாலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலு,

நீ இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் பிரிப்பாய். கோபத்தை அப்புறம் காட்டு, முதலில் சேதியைக் கேள். எங்கள் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்த்ரீனாவின் 'ஸ்டாபாட் மாத்தேர்' எடுத்திருக்கிறோம். எட்டுக் குரல், நாலு நாலாக இரண்டு குழு. எனக்கு இரண்டாம் குழுவில் பேஸ், அடித்தளமான கனத்த ஆண்குரல்.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? சின்னவள் என்ன குரூப் எடுத்தாள்? இங்கே எல்லோரும் சௌக்கியம், மழை விட்டபாடில்லை. மாமா இன்னும் அந்த ஹார்மோனியத்தை விற்கவில்லை என்று அக்கா சொன்னாள். விற்கவே மாட்டார், பந்தயம் கட்டுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றிய லத்தீன் பாட்டு இது. மூன்று மூன்று அடியாக இருபது கண்ணிகள். முதல் குழு பிடிக்கும் முதல் மூன்று கார்டை, அதாவது பல ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும் கூட்டை, கேட்டால் நீயே எழுந்து உட்கார்ந்துவிடுவாய். ஏ, ஜி, எஃப், மூன்றும் மேஜர், பிரகாசமாக ஒலிக்கும் வகை. பேஸ் ஒவ்வொரு படியாக இறங்க, மொத்தக் கட்டடமும் அதோடு இறங்கும். சோகப் பாட்டுக்கு மேஜரா என்று கேட்பாய். எனக்கும் அதுதான் தீராத ஆச்சரியம். அழுகையே இல்லாமல் துக்கம் வந்து நிற்கிறது. அடுத்த அடியை இரண்டாம் குழு எடுக்கும். நாங்கள் வாய் திறப்பதற்கு முன் இருக்கும் அந்த ஒரு மூச்சு இருக்கிறதே, அதற்காகவே ஒவ்வொரு வாரமும் ஒத்திகைக்கு ஓடுகிறேன்.

உனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசித்து, குறைத்துக் குறைத்து வந்து, கோர்வையில் ஒன்றாகச் சேருமே, அந்தச் சந்தோஷம்தான் இங்கேயும். நீளமான அடிகளைப் பரிமாறிக்கொள்வார்கள், பிறகு பாதி அடி, பிறகு ஒற்றைச் சொல், திடீரென்று எட்டுக் குரலும் ஒன்றாக. ஒரு குழுவின் கடைசி கார்டு அடங்குவதற்குள் இன்னொரு குழு அதன் மேலேயே எடுத்துவிடும். பாட்டின் உயிரே அந்தக் கை மாறும் இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது என் புலம்பல். கச்சேரி நடக்கிற இடத்தில் மேடை சின்னது. அதனால் இரண்டு குழுவையும் கலைத்து, உச்சக் குரலான சோப்ரானோ எல்லோரையும் ஒரு பக்கம், பேஸ் எல்லோரையும் பின்வரிசையில் என்று நிறுத்தப் போகிறார்களாம். எட்டுக் குரலும் கேட்டால் போதாதா என்கிறார் நடத்துனர். போதாது பாலு! அப்படி நின்றால் கேட்பவர்களுக்கு ஒரே பெரிய கும்பல் பாடுவதாகத்தான் தோன்றும். யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்றே தெரியாது. போன வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு தூக்கம் கெட்டது.

அவரிடம் பேச ஆதாரம் வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க விஷயம் நான் நினைத்ததைவிடச் சுவாரசியமாகிவிட்டது.

இரண்டு குழுவாகப் பாடும் இந்தப் பழக்கத்தின் வேர் பைபிளின் திருப்பாடல்களில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் இரண்டு பாதியாக இருப்பதால், மடங்களில் துறவிகள் இரண்டு பக்கமாக உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவது ரொம்பப் பழைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியில், பதுவா, திரெவிசோ, பெர்காமோ போன்ற ஊர்களில், அதைப் பல குரல் இசையாகவே எழுத ஆரம்பித்தார்கள். பெயர் கிடைத்தது என்னவோ வெனிஸுக்கு. ஃப்ளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து வந்த அட்ரியன் வில்லார்ட் 1527இல் சான் மார்கோ தேவாலயத்தின் இசைத் தலைவரானார், 1562இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய இரட்டைக் குழுத் திருப்பாடல்கள் 1550இல் அச்சாயின. பின்னால் ஜொவான்னி காப்ரியேலி என்ற இசையமைப்பாளர் வந்து, பாட்டோடு கருவிகளையும் சேர்த்துக்கொண்டு 1597இல் ஒரு பெரிய தொகுப்பே போட்டார். அவரிடம் படிக்க ஜெர்மனியிலிருந்து ஷூட்ஸ் என்ற இசையமைப்பாளர் வந்தார். அந்தக் கதையை இங்கே ஆரம்பித்தால் தபால்காரர் எடை பார்த்து காசு கேட்பார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவர்கள் எப்படி நின்றார்கள்? எதிரெதிர் மாடத்தில் இரண்டு குழு, நடுவில் ஜனங்கள், இரண்டு பக்கமும் எதிரொலி. எல்லோரும் மனதில் வைத்திருக்கிற படம் இதுதான். ஆனால் சான் மார்கோவில் சடங்குகளைக் கவனித்துவந்த பொனிஃபாச்சியோ 1564இல் எழுதி வைத்த குறிப்பு வேறு சொல்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் பாலா தோரோ என்ற பொற்பலகையைத் திறக்கிற பெருவிழா நாட்களில் மாலைச் செபத்தின் திருப்பாடல்களை இரண்டு குழுவாகப் பாடுவார்கள். ஒரு குழுவில் நாலே நாலு பேர், மற்றவர் எல்லோரும் இன்னொரு குழுவில்! அதுவும் எதிரெதிரே தூரமாக நின்று அல்ல, ஒரே பெரிய மேடையில் நின்றே பாடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தூரம் கட்டாயமில்லை, பிரிவுதான் கட்டாயம்.

அந்தக் கோயிலின் ஒலியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜேயின் இருக்கை பலிபீடப் பகுதிக்குள் இருந்தது. சான்சோவினோ என்ற கட்டடக் கலைஞர் அங்கேயே இரண்டு பக்கமும் பாடகர்களுக்குச் சின்ன மாடங்கள் கட்டிக் கொடுத்தார். 2007இல் கேம்ப்ரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரிக் குழுவை வெனிஸ் தேவாலயங்களில் பாடவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். டோஜே உட்கார்ந்த இடத்தில் இசை தெளிவாகக் கேட்டதாம். கீழே ஜனங்கள் நிற்கும் பெருமண்டபத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியதாம். பெரிய மனிதருக்கு ஒரு காது, ஏழைக்கு ஒரு காது. எனக்குக் கோபமே வந்தது.

இனி என் அசல் ஆயுதம். வில்லார்டின் சீடர் ஸர்லினோ 1558இல் இசைக்கு ஒரு பெரிய இலக்கண நூல் எழுதினார். எல்லாக் குழுக்களும் சேர்ந்து பாடும்போது பேஸ்கள் ஒரே ஸ்வரத்தில் அல்லது அதன் ஸ்தாயியில் இருக்கட்டும், எப்போதாவது மூன்றாம் ஸ்வரம் வரலாம், பஞ்சமம் மட்டும் கூடாது என்கிறார். காரணத்தைப் பார். ஒரு பேஸ் ஸ பிடித்திருக்கும்போது இன்னொரு பேஸ் ப பிடித்தால், அந்த இரண்டாம் குழுவுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அடியில் ஸ கேட்காது. ப-வே ஆதாரமாகி, மேலே வரும் ஸ அதோடு மோதும். அந்தக் காலத்துக் காதுக்கு அது அபஸ்வரம். அதனால் மற்றக் குழு இல்லவே இல்லை என்பதுபோல ஒவ்வொரு குழுவும் தன்னளவில் முழுதாக ஒலிக்கவேண்டும். இந்த உபாயத்தைக் கண்டுபிடித்த பெருமையை வில்லார்டுக்கே கொடுக்கிறார். பலஸ்த்ரீனா ரோமைச் சேர்ந்தவர், அங்கே எழுதும் முறை கொஞ்சம் வேறு. ஆனாலும் ஒரு குழு என்பது நாலு குரலும் கூடிய ஒரு முழு உடம்பு என்பது அங்கேயும் மாறவில்லை. அந்த உடம்பைக் கலைத்து, கையெல்லாம் ஒரு பக்கம் காலெல்லாம் ஒரு பக்கம் என்று வைத்தால் எப்படி?

ஆகவே நடத்துனரிடம் ஒரு யோசனை சொல்லப் போகிறேன். மேடை சின்னதாகவே இருக்கட்டும். முதல் குழுவில் குரலுக்கு ஒருவராக நாலே பேரை இடது ஓரத்தில் நெருக்கமாக நிறுத்துவோம். மற்ற எல்லோரும் வலது பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. நம் பாட்டு வெனிஸ் பாட்டு அல்ல, ஆனாலும் நாலு பேருக்கு எதிரே நாற்பது பேர் பதில் சொல்லும்போது அந்த மூன்று கார்டு எப்படி விழும் என்று நினைத்துப் பார். அவர் மறுத்தால் இன்னொரு முறை கேட்பேன். அதற்கும் மறுத்தால் கலந்தே நின்று என் அடியைச் சரியாகப் பாடுவேன், பாட்டைக் கைவிட மாட்டேன்.

உனக்கு ஒரு வேலை. இந்தப் பாட்டின் பதிவு ஒன்றைத் தேடிப்பிடித்து, வீட்டில் சத்தம் அடங்கியபின் ஹெட்ஃபோனில் கேள். பல பதிவுகளில் ஒரு குழு இடது காதில், இன்னொன்று வலது காதில் வரும். பாதியில் நிறுத்தாதே, பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அப்புறம் ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி கேள். பாதிப் பாட்டு மட்டும் கேட்கிறதா, அல்லது அதுவே ஒரு முழுப் பாட்டாகத் தெரிகிறதா, அதை எனக்கு எழுது. கர்நாடகக் காதுக்கு என்ன தோன்றுகிறது என்று நடத்துனருக்குச் சொல்ல ஆசை. வியாழக்கிழமை அவரைப் பார்க்கிறேன், அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சீனு