நாலு நாள் விட்டுப்போனதைச் சொன்னவர்களுக்கு

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து எங்கள் சர்க்கரை நோய் மருந்து ஆய்வுக்கு வந்துபோன அனைவருக்கும்,

வணக்கம். கடைசி ஆளின் கடைசிப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் நன்றி "நாலு நாள் விட்டுப்போச்சு" என்று ஒளிக்காமல் சொன்னவர்களுக்குத்தான். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், கூடுதலாகச் சிலவும் சேர்த்து 28 நாளுக்கு 35 மாத்திரை கொடுத்தோம். ஒழுங்காகப் போட்டால், திரும்பக் கொண்டுவந்து எண்ணும்போது 7 மிஞ்சும். 11 மிஞ்சினால் நாலு விட்டுப்போனது கணக்கில் ஏறும். திட்டுவார்களோ என்று அந்த நாலையும் பிதுக்கிக் குப்பையில் போட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டதாகிவிடும். சர்க்கரை இறங்காத பழி மருந்தின் தலையில் விழும். மிச்சம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு வெறும் அட்டையை நீட்டினாலோ 125 சதவீதம் போட்டதாகக் கணக்கு வரும்!

ஊரிலிருந்து வந்த ஆவாரம்பூப் பொடியையும் நாவல்கொட்டைப் பொடியையும் டப்பாவோடு கொண்டுவந்து காட்டிய அம்மாக்களுக்கும் அதே நன்றி. எழுதி வைக்காவிட்டால் பொடி செய்த வேலையும் மாத்திரையின் பேரில் வரவாகிவிடும். வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம், தண்ணீர் மட்டும். "அரை டம்ளர் காப்பிதான் குடிச்சேன்" என்று ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லி, மறுநாள் இன்னொரு தடவை ரயிலேறி வந்தவர்களை மறக்க மாட்டோம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியவர்களுக்கு நன்றி. அதை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தோடு ஒத்துப்பார்த்து, ஆய்வுக்கு வருபவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழு ஏற்ற பிறகே உங்கள் கைக்குக் கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு மருந்தே சேர்க்காத மாத்திரை கொடுப்போம், அதற்குப் பிளாசிபோ என்று பெயர். முதல் வரைவில் அதற்குப் 'போலி மருந்து' என்றிருந்தது. போலி என்றால் கள்ளச் சரக்கு என்றல்லவா நினைப்பார்கள் என்று கேட்டவர், அந்தக் குழுவில் மருத்துவம் படிக்காத பொது உறுப்பினர். அது 'மருந்தில்லாத மாத்திரை' ஆனது அவரால்தான்.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் கூட இருந்து, முழுவதையும் கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக அரைநாள் கூலியை விட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இரத்தம் எடுத்த சகோதரிகள் ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்தார்கள். குலுக்கினால் அணுக்கள் உடையும், மாதிரி வீண்.

மழைக்காலத்தில் டெங்கு வந்து வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அன்றிரவே கூப்பிட்டுச் சொன்னார்கள். டெங்குவுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட முடியாது. ஆய்வு நடக்கும்போது எதிர்பாராத எந்த உடல்நலக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் தெரிவித்தாக வேண்டும். சம்பந்தம் உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகு பார்ப்பது.

பாதியில் விலகியவர்களும் இந்த மடலில் உண்டு. காரணம் சொல்லாமலே விலக உங்களுக்கு உரிமை இருந்தது. இருந்தும் சிலர் கடைசியாக ஒருமுறை வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். தங்கியவர்களை மட்டும் எண்ணினால், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

யாருக்கு எந்த மாத்திரை என்பது எங்களுக்கும் இன்னும் தெரியாது. எல்லாப் பதிவுகளையும் சரிபார்த்து, இனி மாற்ற முடியாதபடி பூட்டிய பிறகே, யாருக்கு எது என்று சொல்லும் குறியீட்டைத் திறப்பார்கள். அதுவரை கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியையும் உங்கள் ஆய்வு எண் எழுதிய அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். வீடு மாறினால் புது நம்பரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர், மும்பை