ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. அப்பா போட்டுப் பார்த்து "நல்ல தோல்" என்றார். அப்புறம் கழற்றி டப்பாவிலேயே வைத்துவிட்டு, பழைய கிழிசலை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா?

இந்த வாரம் இங்கே மைனஸ் 34. காற்று வேறு. ராத்திரியில் கார் இன்ஜின் உறையாமல் இருக்க பிளாக் ஹீட்டரைப் பிளக்கில் செருகி வைக்கிறாயா? அங்கே கல்கரியில் வெதுவெதுப்பான சினூக் காற்று இரண்டு நாள் அடித்தால் போதும், குளிர்காலமே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். மறக்காமல் செருகு.

வடக்குப் பக்கத்துக் குதிரில் போட்ட கனோலா எண்ணெய்விதை சூடேறுகிறது. மழைக்குப் பயந்து ஈரம் சரியாக வற்றுவதற்குள் ஏற்றியது. வெளியே இப்படி உறைகிறது, உள்ளே நடுவில் மட்டும் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. போன செவ்வாய்க்கிழமை அப்பா தானியத்தை வெளியே தள்ளும் திருகுக் குழாயை, அந்த ஆகரை ஓட்டி, மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துப் புரட்டினார். தனியாகத்தான். கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். ஆகர் ஓடும்போது தானியத்தில் நின்றால் சில நொடியில் இடுப்புவரை இழுத்துவிடும், அப்புறம் வெறும் கையால் ஆளை வெளியே எடுக்க முடியாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே? கேட்டால், "நிறுத்திவிட்டுத்தான் ஏறினேன்" என்கிறார். ஆகர் ஓடிய சத்தம் என் காதில் விழுந்தது.

உடனே கிளம்பி வா என்று இதை எழுதவில்லை. உன் வேலை பெரிய வேலை. தபால் நிலையத்தில் யார் கேட்டாலும், "அவன் பாலம் கட்டுகிறான்" என்று அப்பாதான் முந்திக்கொண்டு சொல்கிறார். நீ கட்டிய பாலத்தின் படம் டிராக்டர் கேபினில், கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இதைச் சொன்னேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் எடுக்கப் போவதில்லை. ஆனால் அவருக்கு நிலம்தான் முதல், நாமெல்லாம் அப்புறம் என்று நீ சொன்னாய் பார், அது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. 1981-இல் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியபோது நீ பிறக்கவே இல்லை. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டினார், ராத்திரியில் மாடு கன்று போடக் காத்துக்கிடந்தார். நிலத்துக்காக மட்டும் என்றால் அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போயிருப்பாரா? நான் ஒரு மணி நேரமாவது தூங்கட்டும் என்றுதான் தூக்கிக்கொண்டு போனார். 1988 வறட்சியில் மாடுகளை விற்றோம். அந்தப் பணத்தில் முதல் செலவு அக்காவின் பல்லுக்குக் கம்பி. டிராக்டர் தவணை அதற்கப்புறம்தான். உன் ஹாக்கி ஆட்டத்துக்கு விடிவதற்கு முன்னால் வண்டியைச் சூடாக்கி, உன் ஷூவை ஹீட்டர் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போவார். உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

கல் பொறுக்க வைத்தார் என்று இன்னும் கோபமா? மசூர் செடி குட்டை, காய் தரைக்குப் பக்கத்தில்தான் தொங்கும். கம்பைன் அறுவடை இயந்திரத்தின் கத்தி தரையை உரசிக்கொண்டு போக வேண்டும், ஒரு கல் உள்ளே போனால் அன்றைய வேலை போச்சு. 2021 வறட்சியில் காய் இன்னும் தாழ்ந்து கிடந்தது. முதுகு வலியோடு கேபினிலிருந்து இறங்கி இறங்கி அவரே கல்லை எடுத்துப் போட்டார். உன்னைக் கூப்பிட்டால் நீ வந்திருப்பாய், எனக்குத் தெரியும். அவர்தான் கூப்பிட விடவில்லை. இந்தியா 2017 கடைசியில் இறக்குமதி மசூர் பருப்புக்கு 30 சதவீத வரி போட்டபோது, குதிர் நிறையப் பருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதும் உன்னிடம் மூச்சு விடவில்லை. நீ புது வேலையில் சேர்ந்த சமயம், மனசு கெடக்கூடாதாம்.

மேற்குப் பக்கத்துக்காரர் நம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். கொள்ளுத்தாத்தா பத்து டாலர் கட்டி எழுதி வாங்கிய 160 ஏக்கர் குவார்ட்டர் நிலமும் சேர்த்துத்தான். விதைப்புக்கு முன்னால் பதில் வேண்டுமாம். அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விதைக்கும் உரத்துக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டிய தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அவர் யாருக்காகத் தள்ளிப்போடுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வர மாட்டாய் என்றால் அதையும் அவரிடம் நேராகச் சொல். எதுவும் சொல்லாமல் இருக்காதே. பிளாக் ஹீட்டரை மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இங்கே எட்டு மணி என்றால் உனக்கு ஏழு, அது அவருக்குத் தெரியும். எட்டிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மணி அடித்தால் என்னை எடுக்கச் சொல்வார். என்னிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, அப்பாவைக் கூப்பிடு என்று சொல். முதலில் கனோலா விலை என்ன என்று கேள். அப்படி ஆரம்பித்தால் பேசுவார். பேச்சு போகிற போக்கில், குதிர் மேலே ஏறும்போது அம்மாவைக் கீழே நிற்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பார்.

அம்மா