கேத்தி பள்ளத்தாக்கில் சொகுசு விடுதி கட்ட அனுமதி வழங்கக் கூடாது எனக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் மக்கள், கேத்தி பள்ளத்தாக்கு,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: மலைச்சரிவில் நடக்கும் மண் வெட்டும் பணியை நிறுத்தி, விடுதித் திட்டத்துக்கு அனுமதி மறுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்கு நேர் மேலே உள்ள பழைய தேயிலைத் தோட்டத்தைத் தனியார் நிறுவனம் ஒன்று வாங்கி, சொகுசு வில்லாக்களும் ஓய்வு விடுதியும் கட்ட முனைந்திருக்கிறது. அனுமதி கிடைத்ததற்கான அறிவிப்புப் பலகை எதுவும் அங்கு இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பொக்லைன் சத்தம் கேட்கிறது. விடிவதற்குள் வெட்டிய இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு மணி நேரம் பெய்த மழைக்கே ஊர்க் கிணற்றில் செம்மண் தண்ணீர் இறங்கிவிட்டது. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் படிகிறது.

2009 நவம்பர் 10-ஆம் தேதியை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. அன்று 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் நிலச்சரிவுகளுக்கு 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. எங்கள் ஊரின் மேல்வரிசை வீடு ஒன்றில் சமையலறைத் தரை விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. மூன்று வயது மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடிய தாய் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார். மகள் வளர்ந்து கல்லூரி வரை போய்விட்டாள். ஆனாலும் மழை வலுத்தால் அந்த வீட்டில் யாரும் கண் மூடுவதில்லை.

அந்த வீட்டுக்கு மேலே உள்ள சரிவைத்தான் இப்போது வெட்டுகிறார்கள். மழைநீரைக் குடித்துக் கனத்து நிற்கும் மண்ணை அதன் அடிவாரமும் வேர்களும்தான் தாங்கிப் பிடிக்கின்றன. அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி, தேயிலைச் செடிகளையும் பிடுங்கிவிட்டால் அதைத் தாங்க எதுவும் மிஞ்சாது. 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் ஒரே இரவில் புதைந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

இங்கே பிழைப்பு கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றை நம்பியிருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் கேரட் பிடுங்கினால்தான், அதைக் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்கு அனுப்ப முடியும். இந்த வயல்களுக்குத் தண்ணீர் அதே சரிவில் கசியும் ஊற்றுகளிலிருந்துதான் வருகிறது. கோடையில் எங்களுக்கே அது போதவில்லை. விடுதியின் குளியலறைகளுக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் அந்த நிறுவனத்தார் பதில் சொல்வதில்லை.

மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைந்தது. மலைப்பகுதிகளுக்கான கட்டட விதிகள் 1993-இல் வந்தன. அவற்றை மதித்து, சிறிய வீடு ஒன்று கட்டவும் எங்கள் பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். அதில் எங்களுக்குக் குறை இல்லை. மலைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை. அதே விதி பணம் படைத்தவருக்கும் பொருந்த வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எனவே, இரவில் நடக்கும் மண் வெட்டும் பணியை உடனே நிறுத்தி, இயந்திரங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை அலுவலர்கள் எங்கள் முன்னிலையில் சரிவை ஆய்வு செய்து, அறிக்கையைத் தமிழில் ஊருக்கு வழங்க வேண்டும். திட்டத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும். வெட்டிய இடத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிறுவனத்தின் செலவில் சீரமைக்க வேண்டும். தாங்களே ஒரு முறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கேத்தி ரயில் நிலையத்திலிருந்து பார்த்தாலே வெட்டிய இடம் தெரியும்.

இணைப்பு: கிணற்று நீர் மற்றும் வெட்டப்பட்ட சரிவின் புகைப்படங்கள், ஊர் மக்களின் கையெழுத்துப் பட்டியல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஊர் மக்கள்