மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்திருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குத் தரும் காலநிலை நிதித் திட்டங்களை மதிப்பிடும் குழு ஒன்றில் நீ சேர்ந்திருக்கிறாய் என்று நம் விடுதிப் பொருளாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் கடைசிக் கடிதத்துக்கு நானும் பதில் போடவில்லை, ஆகவே கணக்கு நேர். வாழ்த்துகள். முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது அடிக்குறிப்புகளெல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. தணிக்கையில் குப்பை கொட்டியவனுக்கு அடிக்குறிப்பு தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒரு வாரமாக உன் புதிய தொழிலைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் கெட்டுவிட்டது, அதனால் உன் தூக்கத்தையும் கெடுக்கிறேன்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற 10,000 கோடி டாலர். வளரும் நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுதோறும் இவ்வளவு திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் சொன்னார்கள். கெடு தாண்டி, 2022இல்தான் இலக்கை எட்டினார்களாம். அந்த ஆண்டுக்கு பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடி சொல்லும் கணக்கு 11,590 கோடி டாலர். ஆனால் அதிலிருக்கும் அரசுப் பணத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம் கடன்! திருப்பிக் கட்ட வேண்டிய கடன் முழுத் தொகைக்கும் ‘நிதி’ என்று பதிவாகிறது. கடனில் உண்மையான சலுகை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம், அதே ஆண்டின் நிஜ மதிப்பு 2,800 முதல் 3,500 கோடிக்குள்தான் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பார்.

அப்புறம் 2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தோண்டி எடுத்தது. வங்கதேசத்தில் ஜப்பான் கடனில் எழும்பிய நிலக்கரி மின்நிலையம், எகிப்தில் ஒரு விமான நிலைய விரிவாக்கம், ஆசிய நாடுகளில் இத்தாலியச் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள். எல்லாமே காலநிலை நிதிக் கணக்கில்! இதில் விதிமீறல் எதுவும் இல்லை. எதைக் கணக்கில் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறையே கிடையாது. இப்படி ஒரு பேரேட்டை நம் பொருளாளர் விடுதியில் வைத்திருந்தால் என்ன செய்திருப்போம்? அன்று அவன் ஒரு மூட்டை அரிசியை ‘எழுதுபொருள்’ என்று எழுதியதற்கே நாம் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா!

2024இல் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில் புதிய இலக்கு வைத்தார்கள். 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. எல்லா வழிகளிலும் சேர்த்து 1.3 லட்சம் கோடி வரை உயர்த்த ‘முயல்வோம்’ என்றும் ஒரு வரி. தீர்மானம் நிறைவேறிய கையோடு இந்தியப் பிரதிநிதி எழுந்து, இது ஒரு காட்சி மயக்கம் என்று சொல்லிவிட்டார். தொகை போதாது என்று நானும் சொல்வேன். ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது தொகைக்காக இல்லை. தொகையைப் பற்றிக் கத்த நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்த பணம் எங்கே போகிறது, எதைச் செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என்னை அரிக்கிறது.

வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரத்தை எடுத்துக்கொள். காலநிலை நிதி என்ற பேச்சே இல்லாத 1960களில், அந்நிய உதவியோடு அங்கே நீள நீளமாகக் கரை கட்டினார்கள். உப்புநீர் உள்ளே வராது, நெல் விளையும் என்பது கணக்கு. சில காலம் விளைந்தது. ஆனால் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, வயலுக்குள் வந்து படிய வேண்டிய வண்டல் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றுப்படுகை மேடாகி, உள்ளே பெய்த மழை வெளியேற வழியில்லாமல் வயல்கள் நிரந்தரமாக நீரில் நின்றன. 1990இல் பில் டகாட்டியாவிலும் 1997இல் பில் பைனாவிலும் (‘பில்’ என்றால் அங்கே தாழ்வான நீர்ப்பிடி நிலம்) ஊர்க்காரர்களே கரையை வெட்டிவிட்டார்கள். ஓதம் உள்ளே வந்தது, வண்டல் படிந்தது, பில் பைனாவில் நிலம் உயர்ந்தது. பின்னால் அதிகாரிகளும் அதற்கு ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்று பெயர் வைத்துத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கரை வந்த நாளிலேயே ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! தன் நிலம் எத்தனை ஆண்டு நீரில் கிடக்கும் என்பதும் ஒருவருக்கு இழப்புதானே. அது எந்தத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலும் ஏறவில்லை.

இன்றும் பணம் போகும் பாதை மாறவில்லை. ஐநா காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியத்தின் தலைமையகம் தென்கொரியாவின் சோங்டோவில் இருக்கிறது. அதனிடம் நேரடியாகப் பணம் பெற முதலில் ‘அங்கீகாரம்’ வேண்டும். சிறு நாட்டின் அமைச்சகம் ஒன்று அதை வாங்குவதற்கே ஆண்டுகள் ஓடிவிடும். அதனால் பெரும்பகுதிப் பணம் ஐநா அமைப்புகள், வளர்ச்சி வங்கிகள் வழியாகவே போகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கட்டணம், கொஞ்சம் ஆலோசகர், கொஞ்சம் அறிக்கை. 2003 முதல் 2016 வரை சர்வதேசக் காலநிலை நிதியங்கள் தந்த பணத்தில் உள்ளூர் அளவிலான வேலைக்கென்று ஒதுக்கப்பட்டது பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று லண்டனின் ஐஐஈடி ஆய்வு நிறுவனத்தார் கணக்கிட்டார்கள்.

‘உள்ளூரில் கொடுத்தால் தின்றுவிடுவான்’ என்பாய். தெரியும், எதிர்பார்த்தேன். தின்பவன் இருக்கிறான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, திருடன்தான் படிவத்தை ஒரு பிழையில்லாமல் நிரப்புவான். நூறு பக்க அறிக்கை அவனைத் தடுத்ததில்லை. கிணறு வெட்ட எவ்வளவு வந்தது என்பது கிணற்றுப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் ஓரளவு தடுக்கும்.

கென்யாவின் இசியோலோ மாவட்டத்தில் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேய்ச்சல் மக்கள் வாழும் வறண்ட பூமி. வார்டு அளவில் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, என்ன செய்வது என்பதை அவர்களிடமே விட்டார்கள். நிதியில் 70 சதவீதம் வார்டுகள் கேட்கும் வேலைக்கு, 20 மாவட்டம் முழுவதற்குமான வேலைக்கு, நிர்வாகத்துக்கு 10. அந்த மக்கள் கவலைப்பட்டதெல்லாம் நீர்நிலையைச் சீர்ப்படுத்துவது, வறட்சிக்கென்று மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் காப்பது போன்றவற்றுக்குத்தான். வெளியிலிருந்து வரும் நிபுணர் அதையெல்லாம் தன் பட்டியலின் கடைசியில்தான் வைத்திருப்பார். இந்த முறை பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போய், 2021இல் உலக வங்கிப் பணத்தோடு தேசியத் திட்டமானது. எந்தக் குறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த வார்டுக் குழுவிலும் சத்தமாகப் பேசுகிறவன் கை ஓங்கத்தான் செய்யும். இருந்தாலும் கேள்வி கேட்க ஆள் பக்கத்தில் இருக்கிறான்.

இதற்கு நேர் எதிர், தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி. பழைய நிலக்கரி மின்நிலையம், 2022 அக்டோபரில் மூடினார்கள். மாற்று வேலைகளுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் சேர்த்து உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் பழுதே இல்லை. மூடுவது குறித்த நாளில் நடந்துவிட்டது, மாற்று வேலை வரவில்லை. மக்களை முன்கூட்டியே சரியாகத் தயார்ப்படுத்தவில்லை என்று அந்நாட்டு அதிபரின் காலநிலை ஆணையமே சொன்னது. இனி எந்த ஊரில் ‘பசுமை மாற்றம்’ என்றாலும் சனங்கள் கோமாட்டியைக் காட்டுவார்கள், காட்டட்டும்.

எல்லாமே இருட்டு என்று நினைத்துவிடாதே. 2024 ஜூலையில் பெரில் புயல் கிரெனடாவை அடித்துப் போட்டது. அந்த நாட்டின் கடன் பத்திரத்தில், புயல் வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று முன்பே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தினார்கள். இந்த விதிக்குப் புதுப் பணம் ஒரு டாலர்கூடத் தேவைப்படவில்லை, கையிலிருந்த பணம் வீடு கட்டத் தங்கியது. கூட்டம் போட்டுக் கைதட்டும் நிதியங்களை விட இந்த ஒரு பத்தி எனக்கு மேலாகத் தெரிகிறது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். திட்டம் முடியும் நாளில் போய், கட்டியதைப் படம் எடுத்து, ‘இலக்கு எய்தப்பட்டது’ என்று எழுதித் தராதே, தயவுசெய்து. ஐந்து வருடம் கழித்து அந்தப் பம்ப் ஓடுகிறதா, உதிரிப் பாகம் யார் வாங்குகிறார்கள், இயக்குபவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்க்க உன் குழுவுக்கு அதிகாரம் உண்டா? இல்லையென்றால் முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கு. கேட்டால் உன்னைப் பிடிக்காமல் போகும். அதைப் பற்றி நீ எப்போது கவலைப்பட்டிருக்கிறாய்?

முதல் பயணம் எந்த நாட்டுக்கு என்று முடிவானதும் எழுது. அந்த நாடு ஆண்டுக்கு எவ்வளவு கடன் கட்டுகிறது, காலநிலை நிதியாக எவ்வளவு வாங்குகிறது என்ற இரண்டு எண்களையும் நான் எடுத்து வைக்கிறேன். நீ விமானம் ஏறும் முன் உன் கையில் இருக்கும். பொருளாளரிடம் மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, அரிசி மூட்டை விஷயத்தில் அவனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய தணிக்கைக்காரன்