ஆண்டறிக்கை: ஊர்ப்பெயர்களைத் தேடிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட ஜெர்மானியக் குடும்பங்களின் வழிவந்த சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டு நாம் மிகுதியாக உழைத்த பணியைப் பற்றியே பேச விரும்புகிறேன்: நம் குடும்பங்களின் பூர்வீக ஊர்களை அடையாளம் காணும் பணி.

ரஷ்யாவில் குடியேற வருமாறு 1763 ஜூலை 22 அன்று ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் விடுத்த அழைப்பை நம்பி ஹெஸ்ஸன் முதலிய ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் நம் முன்னோர். படைச் சேவை கிடையாது, 30 ஆண்டுகளுக்கு வரி கிடையாது, சொந்தச் சமயத்தைப் பின்பற்றலாம் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி. அவர்கள் வோல்காவின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தாய்க்குடியிருப்புகளை, அதாவது முதல் குடியேற்ற ஊர்களை, அமைத்தார்கள். 1942இல் அந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றப்பட்டன. பால்ட்ஸர், கிராஸ்னோஆர்மெய்ஸ்க் ஆனது. மரியன்டால் சோவெட்ஸ்கோயே ஆனது; சேல்மான் ரோவ்னோயே ஆனது; நோர்க்கா நெக்ராசோவோ ஆனது. 1941இல் ஆட்களை நாடு கடத்தி அப்புறப்படுத்தியது போதாதென்று, அவர்கள் வாழ்ந்த தடயத்தையும் துடைத்துவிட்டார்கள். அதனால்தான் தாத்தா சொன்ன ஊரை இன்றைய வரைபடத்தில் தேடும் பேரப்பிள்ளை வெறுங்கையோடு திரும்புகிறான்.

வசந்தகாலக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் தாயாரின் சான்றிதழைக் கொண்டு வந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் சோவெட்ஸ்கோயே என்றிருந்தது. "அம்மா இப்படி ஓர் ஊரைச் சொன்னதே இல்லையே" என்றார். பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, காரமான் ஆற்றின் வளைவை விரலால் தொடர்ந்து சென்று, மரியன்டாலைக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பென்சிலை வாங்கித் தம் கையாலேயே அங்கே ஒரு வட்டம் போட்டார். சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகஸ்ட் 28 நினைவுநாளில், நம் மக்களை நாடு கடத்திய 1941ஆம் ஆண்டு சோவியத் ஆணையை முழுமையாக வாசித்தோம். ஆயிரக்கணக்கான, பல்லாயிரக்கணக்கான நாசகாரர்களும் ஒற்றர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. ஆனால், நாடு கடத்தும் முடிவு ஆகஸ்ட் 26ஆம் தேதியே எடுக்கப்பட்டுவிட்டது. தண்டனையை முதலில் முடிவு செய்துவிட்டுக் குற்றத்தைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். இதை இளையவர்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் 3 முதல் 20 வரை ரயில்கள் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் புறப்பட்டன. அவை போய்க்கொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 7 அன்று, வோல்கா ஜெர்மானியராகிய நம் தன்னாட்சிக் குடியரசும் கலைக்கப்பட்டது.

கட்டாய வேலைக்கு ஆள்திரட்டிய உழைப்புப் படையைப் பற்றிய அமர்வுதான் எல்லோரையும் உலுக்கியது. 1942 ஜனவரியில் 17 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களை அழைத்தார்கள். அக்டோபரில் அந்த வரம்பு 15 முதல் 55 வரை விரிந்தது. 16 முதல் 45 வயதுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கருவுற்றவர்களுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்கும் மட்டுமே விலக்கு. மூன்று வயது நிரம்பிய பிள்ளையைப் பாட்டியிடமோ அயலாரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தாய் போயாக வேண்டும். அப்படி விடப்பட்ட பிள்ளைகளில் சிலர் இன்று நம் அரங்கில், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன்.

போர் முடிந்த பிறகும் விடுதலை வரவில்லை. குடியமர்த்திய இடத்தை விட்டுத் தப்பினால் 20 ஆண்டு கடுந்தண்டனை என்று 1948 நவம்பர் ஆணை மிரட்டியது. 1955 டிசம்பரில் காவல் கண்காணிப்பு நீங்கியது. ஊர் திரும்பும் உரிமையும் பறித்த சொத்தும் மட்டும் கிடைக்கவில்லை. 1941இல் சுமத்திய பழியை 1964இல் விலக்கினார்கள். எங்கும் குடியிருக்கலாம் என்ற அனுமதி 1972இல்தான் வந்தது. பல வீடுகளில், கண்காணிப்பு நீங்கிய 1955ஆம் ஆண்டில் கையெழுத்திட்ட தாள்களும் பழைய அடையாளச் சீட்டுகளும் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றை வெளியே எடுத்துப் படியெடுக்கக் கொடுங்கள். அசல் அன்றே உங்கள் கைக்கு வந்துவிடும்.

செப்டம்பரில் தர்பூசணிப் பாகு காய்ச்சினோம். சாற்றை வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் காலையிலிருந்து மாலை வரை கிளறியபடியே இருக்க வேண்டும். நிறம் கறுத்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போதுதான் பதம். அடுப்பருகே நின்ற பாட்டிமார், நேர்காணலில் சொல்லாத பல செய்திகளை அங்கே தாமாகவே சொன்னார்கள். வரும் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைச் சமையலறைக்கே கொண்டுபோக உத்தேசித்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பணிகள் உள்ளன. பழைய, புதிய ஊர்ப்பெயர்களின் ஒப்பீட்டுப் பட்டியலை அச்சிட வேண்டும். எங்கெல்ஸ் நகரில் உள்ள வோல்கா ஜெர்மானியர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத விரும்புவோருக்கு, ரஷ்ய மொழியில் விண்ணப்பம் எழுதித்தர ஆள் வேண்டும். ரஷ்யமும் கணினியும் தெரிந்த இளையவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

சந்தா பாக்கி வைத்திருப்போர் இம்மாத இறுதிக்குள் செலுத்துமாறும், இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்